மீன்தொட்டிச் செடிக்குக் கரியமில வாயு

அடுக்கு வீடுகளில் வாழ்வோர்க்குத் தோட்டம் அமைவது அரிது. அக்குறை தீர, நம் குடும்பங்கள் சிலவற்றில் கூடத்திலே கண்ணாடித் தொட்டி வைத்து, மீனோடு நீர்ச்செடிகளையும் வளர்த்து வருகின்றனர். செடி செழிக்கக் கரியமில வாயு ஊட்ட வேண்டும் என்பர் கடைக்காரர். எம்முறையில் ஊட்டுவது, ஊட்டத்தான் வேண்டுமா என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

முதலில் விளக்கைக் கவனித்தல் வேண்டும். ஒளி மிகுந்தால் செடிக்கு வேண்டிய கரியும் மிகும். காற்றுப் படும் நீரில் இயல்பாகக் கரைந்து நிற்கும் கரியமில வாயு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவே. எனினும் மிதமான ஒளியில் அனுபியாஸ், ஜாவா பெர்ன், கிரிப்டோகோரைன் ஆகியவை அதனையும் மீன் விடும் மூச்சையும் கொண்டே வளரும். வாலிஸ்னேரியாவோ கடின நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தும் கரியைப் பெறும். இத்தகைய தொட்டிக்கு வாயுச் செலவு வேண்டுவதில்லை.

ஒளி மிகுந்த சிறு தொட்டிக்குச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கரைத்த புட்டி மலிவானது. ஆயினும் டில்லிக் குளிரில் அது சோம்பும், கோடையில் பொங்கும். இரவில் நிறுத்த இயலாது. குழாய் அடைபட்டால் புட்டி வெடித்தலும் கூடும்.

பெரிய தொட்டிக்குச் சிலிண்டரே ஏற்றது. தொடக்கச் செலவு மிகுதியெனினும், ரெகுலேட்டர், மின் வால்வு, டைமர் ஆகியவற்றால் அளவும் நேரமும் நம் கையில் நிற்கும். விளக்கு எரிவதற்குச் சற்று முன்னர் தொடங்கி, அணைவதற்கு முன்னரே நிறுத்திவிடலாம்.

திரவக் கரி என விற்கப்படுவனவற்றுள் பல குளூட்டரால்டிஹைடு கலந்தவை. மருத்துவக் கருவிகளின் கிருமியைக் கொல்லப் பயன்படும் பொருள் அது. பாசியை ஒடுக்குமேயன்றிக் கரியமில வாயுவுக்கு ஈடாகாது. வாலிஸ்னேரியாவைக் கருக்கவும் செய்யும். குழந்தைகள் கைக்கு எட்டாது வைத்தல் கடமை.

எம்முறையாயினும் அளவு மீறலாகாது. இருளில் செடியும் பிராணவாயுவையே உட்கொள்ளும். கரியமில வாயு மிகுந்தால், மீன் தன் உடலில் சேர்ந்த அவ்வாயுவை வெளிவிட இயலாது திணறும். லிட்டருக்கு 30 மில்லிகிராமை மேல் வரம்பாகக் கொள்வர். தொட்டியுள் ஒட்டிவைக்கும் நிறங்காட்டியில் நீலம் குறைவையும், பச்சை போதுமென்பதையும், மஞ்சள் மிகுதியையும் உணர்த்தும். ஆனால் அது நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும். ஆகவே மீன்கள் நீர்மட்டத்தில் வந்து வாய் திறந்து மூடுமாயின், நிறம் மாறக் காத்திராது வாயுவை நிறுத்திக் காற்றுக் குமிழியை ஓட்டுக.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோர் இதனை மறத்தலாகாது. இரை போட ஒப்புக்கொண்ட அண்டை வீட்டார்க்கு வால்வின் நுட்பம் தெரியாது. புறப்படுமுன் சிலிண்டரை மூடி, ஈஸ்ட்டுப் புட்டியை அகற்றி, விளக்கெரியும் நேரத்தையும் குறைத்துச் செல்க. திரும்பி வருகையில் செடி சற்று வாடியிருக்கலாம். அதனை மீண்டும் தழைக்கச் செய்யலாம். மூச்சு முட்டிய மீனுக்கோ ஒதுங்க வேறு நீரில்லை.