தூண் வந்த வழி

சுரண்டையில் புது வீடு கட்டுகிறவருக்கு, முகப்பில் பழைய தேக்குத் தூண் நிறுத்த ஆசை என்று வைத்துக்கொள்வோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் வாங்கிவிடலாம். தூண், நிலைக்கதவு, பீங்கான் சாடி எல்லாம் அங்கே விலைக்கு நிற்கும். ஒரு நிலைக்கதவு கடைக்கு வந்தால், எங்கோ ஒரு செட்டிநாட்டு வீடு இடிந்தது என்று அர்த்தம்.

எப்பேர்ப்பட்ட வீடுகள் அவை! பர்மாவில் லேவாதேவி செய்த நகரத்தார், தேக்கையும் அங்கிருந்தே கப்பலில் கொண்டுவந்தார்கள். கானாடுகாத்தானில் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை 1912-ல் கட்டி முடிந்தது. இப்படிப்பட்ட வீட்டின் முன்வாசலில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை பார்வை ஓடும். அந்த வாசல் அடுத்த தெருவில் திறக்கும்! வறண்ட சீமை என்பதால், நாலு பக்க ஓட்டிலிருந்தும் முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாவில் பிடித்துவைப்பார்கள். சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்து இழைத்தார்கள். நூறு வருஷம் கழித்துத் தொட்டாலும் வழுவழுதான். அதன்மேல் பெயின்ட் அடித்த புண்ணியவான்களும் உண்டு.

1942-ல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மாவில் போட்ட முதல் முடங்கியது. வீடு மட்டும் நின்றது. பிள்ளைகளுக்கு ஆளுக்கோர் அறை என்றிருந்த வளவுக்கு இன்று ஏகப்பட்ட பங்காளிகள். ஓடு மாற்றவும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் சென்னையில், இன்னொருவர் சிங்கப்பூரில். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீட்டில், ஒழுகும் கூரையை யார் பார்ப்பது?

சுரண்டைக்காரர் தரைக்கும் செட்டிநாட்டு அழகு கேட்டால், அது புதிதாகவே கிடைக்கும். ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி, கையாலேயே ஒவ்வொரு கல்லாக வார்க்கிறார்கள்.