அனுமதியற்ற ட்ரோன்: புகார் செய்வதா, எச்சரிப்பதா?

சென்ற தை மாதம் தெற்குக் கொல்கத்தாவில் நண்பர் இல்லத் திருமண வரவேற்புக்குச் சென்றிருந்தேன். திறந்த புல்வெளியில் மேடை அமைத்திருந்தார்கள். மணமக்கள் மேடையேறும் வேளையில் விருந்தினர் தலைக்கு மேலே ஒரு ட்ரோன் வட்டமிட்டது; குழந்தைகள் கைதட்டினர். மூன்றாவது சுற்றில் அது அலங்கார விளக்குச் சரத்தில் சிக்கி, முன்வரிசை நாற்காலிகளுக்கிடையே விழுந்தது. ஒரு மூதாட்டியின் காலடிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்ததால் எவருக்கும் காயமில்லை. இயக்கியவர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது: எங்கள் கிளையின் வாடிக்கையாளர். (அவர் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

"இவரிடம் லைசென்ஸ் இருக்குமா? இல்லாவிட்டால் போலீசில் சொல்ல வேண்டாமா?" என்றார் அருகிலிருந்த நண்பர்.

முதல் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அந்த இளைஞர் மற்றொரு ட்ரோன் வாங்க முத்ரா கடன் கேட்டு என் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்தார். இயக்குநர் சான்றிதழ் எங்கே என்று கேட்டதற்கு, "இந்த ஊரில் யாரிடம் சார் இருக்கிறது?" என்று சிரித்தார். இரண்டாவது கேள்விக்குத்தான் அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை.

சட்டம் தெளிவானது. 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரையுள்ள நானோ வகையை இயக்கச் சான்றிதழ் வேண்டியதில்லை. அதற்கு மேல் 2 கிலோ வரையுள்ள மைக்ரோ வகையைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவருக்கும் அது தேவையில்லை. ஆனால் அதே கருவியைக் கூலிக்குப் பறக்கவிட்டால் சான்றிதழ் கட்டாயம். கருவிக்குத் தனி அடையாள எண் வேண்டும். நானோவைத் தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். எங்கே பறக்கலாம் என்பதை டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடம் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்துக் காட்டுகிறது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

கொல்கத்தாவில் இது ஏட்டுச் சட்டமாக மட்டும் இருந்துவிட முடியாது. திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு இளைஞர்கள் விரும்பிச் செல்லும் பிரின்செப் படித்துறைக்கு அருகிலேயே இராணுவத்தின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகமான வில்லியம் கோட்டை இருக்கிறது. 2019 மார்ச்சில் விக்டோரியா நினைவிடத்தில் ட்ரோன் பறக்கவிட்ட சீன நாட்டவர் ஒருவரைப் பாதுகாப்புப் படையினர் பிடித்தனர். 2025 மே மாத இரவொன்றில் ஹேஸ்டிங்ஸ், வித்யாசாகர் பாலப் பகுதிகளில் ட்ரோன் போன்ற பொருள்கள் தென்பட்டதாக எழுந்த செய்தியையும் காவல்துறை விசாரித்தது. இத்தகைய இடத்தில் ஒருவர் கூலிக்குப் படமெடுக்கிறாரா, வேறெதற்கோ பறக்கவிடுகிறாரா என்று தரையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

ஆயினும் வங்கியாளனாகிய எனக்கு ஒரு தடை இருந்தது. 1924இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த டூர்னியர் வழக்கை வங்கித் தேர்வு எழுதிய எவரும் மறக்க மாட்டார்கள். வாடிக்கையாளரைப் பற்றி வங்கி அறிந்தது இரகசியம். சட்டத்தின் கட்டாயம், பொதுமக்கள்பால் உள்ள கடமை, வங்கியின் நலன், வாடிக்கையாளரின் சம்மதம் ஆகிய நான்கு காரணங்களுக்காக மட்டுமே அதை வெளியிடலாம். நாட்டுடைமை வங்கிகளுக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் இதையே கடமையாக விதிக்கிறது. அவருடைய கணக்கில் எத்தனை திருமண வீடுகளிலிருந்து பணம் வந்தது என்பதை நான் எவரிடமும் கூற இயலாது. கடன் விண்ணப்பத்தின்போது அவர் ஒப்புக்கொண்டதும் அப்படியே. ஆனால் புல்வெளியில் விழுந்த ட்ரோனை நான் விருந்தினனாகப் பார்த்தேன். முந்நூறு பேர் பார்த்தார்கள். அதில் இரகசியம் ஏது? இந்த வேறுபாடு எனக்குப் புலப்படவே சில நாள்கள் ஆயின.

புகார் செய்வதிலும் ஓர் அபாயம் உண்டு. 2018 டிசம்பரில் லண்டனுக்கு அருகிலுள்ள கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தென்பட்டதாகக் கூறி ஓடுபாதையை மூடியதால் சுமார் 1,000 விமானங்களும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டனர். காவல்துறை ஒரு கணவன் மனைவியைக் கைதுசெய்தது. சம்பவ நேரத்தில் கணவர் வேலையில் இருந்தார். இருவரும் குற்றமற்றவர்களாக விடுவிக்கப்பட்டனர். அதற்குள் அவர்கள் பெயர் நாளேடுகளில் வந்துவிட்டது. 2020இல் காவல்துறை இழப்பீடும் வழக்குச் செலவுமாகச் சேர்த்து அவர்களுக்கு இரண்டு லட்சம் பவுண்டு வழங்கியது. கண்ட செயலைச் சொல்லலாம். ஊகித்த ஆளைச் சொல்வது வேறு. தொழில் போட்டியில் எழுதப்படும் மொட்டைக் கடிதங்களை நாங்கள் வங்கியிலேயே போதுமான அளவு பார்த்திருக்கிறோம்.

என் கருத்து இதுதான். விமான நிலையத்தின் அருகிலோ, கோட்டையின் மேலோ, நெருங்கிய கூட்டத்தின் தலைக்கு மேலோ ஒரு ட்ரோன் பறந்தால் யோசிக்காமல் 100ஐ அழையுங்கள். இடம், நேரம், கண்டது என்ன என்பதை மட்டும் சொல்லுங்கள். ஆளில்லாத் திடலில் கவனமாகப் பறப்பவரிடம் காகிதம் மட்டும் குறைவாக இருந்தால், முதலில் அவரிடமே பேசலாம். பயிற்சி சில நாள்களில் முடிவது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் போதும். சொல்லியும் கேளாதவருக்காக நான் வாதாட மாட்டேன். முறையாகப் பணம் கட்டிப் பயின்றவர், காப்பீடு செய்தவர், அதனாலேயே கூடுதலாகக் கூலி கேட்க வேண்டியவர். அவருடைய பிழைப்பையல்லவா இவர் குறைந்த விலைக்குப் பறிக்கிறார்?

அந்த இளைஞரின் விண்ணப்பத்தைத் திருப்பினேன். சான்றிதழும் அடையாள எண்ணும் பெற்று வந்தால் மறுபடி பரிசீலிப்பதாகவும், அன்றைய விபத்தில் அந்த மூதாட்டிக்குக் காயம் பட்டிருந்தால் காப்பீடின்றி முழுத் தொகையும் அவர் தலையில் விழுந்திருக்கும் என்றும் எடுத்துச் சொன்னேன். தலையாட்டிச் சென்றவர் இன்னும் திரும்பவில்லை. வேறெங்கோ கடன் வாங்கிவிட்டார் என்று கேள்வி. அன்றைய நிகழ்ச்சியைப் பற்றி நான் புகார் செய்யவில்லை. அது சரிதானா என்பதில் எனக்கு இன்றும் முழு நிறைவில்லை.

அதன் பிறகு என் தங்கை மகளின் திருமணப் படப்பிடிப்புக்கு ஒரு ஸ்டுடியோவை அணுகினோம். ட்ரோனும் உண்டு என்றார் உரிமையாளர். சான்றிதழ், அடையாள எண், காப்பீடு மூன்றின் நகலையும் கேட்டேன். சற்றுநேரம் என்னையே பார்த்தவர், "இருபது வருடமாகத் தொழில் செய்கிறேன், சார். ட்ரோன் வந்த நாளாக இதை யாரும் கேட்டதில்லை" என்றார். மறுநாள் தொலைபேசியில் அழைத்து, ட்ரோன் இல்லாமல் விலையைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.