நீலகிரிக்குத் தேவை வழிகாட்டிகள்

கோடை வந்தால் நீலகிரியைப் பற்றிய பேச்செல்லாம் எண்ணிக்கையில் வந்து நின்றுவிடுகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில், வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. மலை தாங்கக்கூடிய அளவு ஒன்று உண்டு என்பதால், இது அவசியமான நடவடிக்கையே. ஆனால், மேலே ஏறி வந்தவர் எதைப் பார்த்துவிட்டு இறங்குகிறார் என்பதை எந்த இ-பாஸும் தீர்மானிப்பதில்லை.

தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா; திரும்பும் வழியில் குன்னூர் தேயிலைச் சரிவில் நின்று ஒரு படம். அந்தப் பசுமையைத்தான் பலரும் இயற்கை என்று நம்பிச் செல்கிறார்கள். உள்ளூர்க்காரர் ஒருவருடன் இரண்டு மணி நேரம் நடந்தால் போதும், காட்சியே மாறிவிடும். தேயிலை 19ஆம் நூற்றாண்டில் இங்கு வேரூன்றிய பயிர். கற்பூர மரமும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. புல்வெளியும், அதன் மடிப்புகளில் ஒடுங்கி நிற்கும் சோலைக் காடும்தான் இம்மலையின் சொந்த முகம். மழையைத் தேக்கிவைத்து, கோடையிலும் ஓடைகளாகக் கசியவிடுபவை அவை. கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அவ்வழியே காரில் கடப்பவர்களுக்கு அதுவும் இன்னொரு வளைவுதான்.

தேயிலைக்கும் சொல்ல ஒரு கதை உண்டு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்கு வேலை தரவே அரசு கூடலூர், கோத்தகிரி பகுதிகளில் டான்டீ தோட்டங்களை அமைத்தது. அந்தத் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் உடன் நடந்து சொன்னால், அந்தப் பச்சை வரிசைகள் வெறும் படப் பின்னணியாக இருக்காது.

வழிகாட்டி என்ற ஏற்பாடு அரசுக்குப் புதிதல்ல. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீ 23 உயிர்களைப் பறித்த பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. நீலகிரிப் பாதைகளும் அவற்றில் உண்டு. பழங்குடியினர் உள்ளிட்ட உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகியிருக்கிறார்கள். கட்டணம் அதிகம் என்ற விவாதம் உடனே கிளம்பியது. வழிகாட்டியின் கைக்கு அதில் எவ்வளவு போகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

பணத்தைவிட முக்கியமானது அதிகாரம். யானை இறங்கியிருக்கிறது, இன்று வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால், முன்பதிவு எத்தனை இருந்தாலும் அதுவே இறுதி முடிவாக வேண்டும். எந்தப் பாதையைத் திறப்பது, எந்த மாதத்தில் மூடுவது என்பதிலும், 2006 வன உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் கிராம சபைகளின் குரல் கேட்கப்பட வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொன்மைப் பழங்குடியினர் வாழும் மாவட்டம் இது. சுமை தூக்கவும் வழி சொல்லவும் மட்டும் அவர்களை அழைப்பது பழைய காலனி வழக்கம்.

வாகன எண், பயணிகள் எண்ணிக்கை, வரும் நாள், தங்குமிடம் எல்லாம் இ-பாஸ் விண்ணப்பத்தில் ஏற்கெனவே கேட்கப்படுகின்றன. அதே பக்கத்தில் உள்ளூர் வழிகாட்டியையும் பதிவு செய்துகொள்ளும் வசதியைச் சேர்க்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த கோடைக்கு முன்பே செய்துவிட முடியும்.