ஆராய்ச்சியும் ஓராண்டு நியமனமும்

பல்கலைக்கழக ஆசிரியர் தம் வேலைச்சுமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பள்ளிக்கூட ஆசிரியராகிய எம்மவரிற் பலர் நகைப்பர். நாள் முழுதும் வகுப்புக்கு வகுப்பு ஓடிக் குரல் கம்மிப்போய், ஒப்படைக் கட்டுகளைச் சுமந்துகொண்டு வீடு திரும்பும் ஒருவருக்கு, வாரத்திற் சில மணிநேரம் விரிவுரையாற்றுவோர் ‘சுமை’ என்று சொல்வது விநோதமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. 2012ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் ஏறத்தாழ நூறு நாள் பணியை நிறுத்தி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குக எனக் கேட்டபோதும், “இதுவும் ஒரு சம்பளச் சண்டை” என்று கூறி அப்பாற் சென்றவர் எம்முள் இருந்தனர். அந்த ஆறு வீதத்துள் எங்கள் பள்ளிக்கூடங்களின் பங்கும் அடங்கியிருந்தது என்பதை அன்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

நான் பிராசீன பாடசாலை வழியிற் பயின்று பண்டிதப் பரீட்சை தேறியவன். சர்வகலாசாலை என்று எம் ஆசிரியர்கள் வழங்கிய அந்நிலையத்தில் மாணவனாக அமர்ந்தவனல்லேன். ஆதலின் அவர்கள் சார்பில் வழக்குரைக்க எனக்கு உறவுமுறை யாதுமில்லை. ஆயினும், என்னிடம் நன்னூல் கேட்டுப் பின் பல்கலைக்கழகஞ் சென்று, அங்கேயே தற்காலிக உதவி விரிவுரையாளராய் அமர்ந்த இளைஞர் சிலர் படும் பாட்டைக் காணுந்தோறும், இஃது அவர்தம் வயிற்றுப்பாட்டுச் சங்கதி மாத்திரமன்று, ஈழத்துத் தமிழாராய்ச்சியின் ஆயுளைப் பற்றிய சங்கதி என்ற எண்ணம் வலுக்கின்றது.

நியமன முறையை அறியாத வாசகர் பொருட்டு அதனைச் சிறிது கூறல் வேண்டும். சிறப்புப் பட்டத்தில் உயர்ந்த வகுப்பிலே தேறிய ஒருவரைத் துறையிலே தற்காலிகமாக அமர்த்துவர். நியமனக் கடிதம் ஓராண்டுக்கு, அல்லது அதனினும் குறைந்த காலத்துக்கு. முடிவிலே நீடிப்பு வரலாம், வராதும் போகலாம். ஒரு கடிதத்துக்கும் அடுத்த கடிதத்துக்கும் இடையிற் சில வாரமோ மாதமோ வேதனமின்றிக் கழிதலும் உண்டு. நிரந்தர வெற்றிடம் விளம்பரமாகும் வரை காத்திருத்தல் வேண்டும். அவ்விளம்பரமோ பல்கலைக்கழகத்தின் விருப்பத்தில் மட்டும் தங்கியிருப்பதன்று, மானியங்கள் ஆணைக்குழுவையும் திறைசேரியையும் கடந்து வருவது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து அரசாங்கம் ஆட்சேர்ப்பை இறுக்கியபோது அக்காத்திருப்பு மேலும் நீண்டது. அதே காலத்தில் நிரந்தரப் பதவியிலிருந்தோர் பலர் கடல் கடந்து சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற விரிவுரைகளை ஏற்க வேண்டியவர் எஞ்சிய சிலரும் இந்த ஓராண்டுக்காரருமேயாவர்.

கொள்ளை நோய்க்காலத்து முடக்கத்தாற் பிற்பட்ட அணிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து நெருங்கின. அரையாண்டு முறையிலே பரீட்சைகள் ஓய்வதில்லை. விரிவுரை, பயிற்சி வகுப்பு, விடைத்தாள், பரீட்சை மண்டப மேற்பார்வை, மாணவர் ஆய்வேட்டுக்கு வழிகாட்டல் என்பன போக, தர உறுதிப்பாடு என ஒன்று வந்திருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றற் பேறுகளை அட்டவணையிட்டு, சான்றுகளைக் கோப்பிலிட்டு, மீளாய்வாளர் வருகைக்கு அடுக்கி வைத்தல் வேண்டும். அந்தக் கோப்புகளை அடுக்குபவர் பெரும்பாலும் துறையிலே இளையவர். தரத்தை உறுதிப்படுத்துவோரின் பணி உறுதியற்றிருக்கும் விந்தையை எந்த மீளாய்வாளரும் எழுதிச் சென்றதாக நான் கேள்விப்படவில்லை.

இனி ஆராய்ச்சிக்கு வருவேன். என் மாணாக்கர் ஒருவர், பெயர் வேண்டாம், இவ்வாறு அமர்ந்த முதலாண்டிலே அச்சேறாத தலபுராணம் ஒன்றின் ஏட்டுப் பிரதிகள் மூன்றைத் தேடிப் பிடித்தார். ஒன்று கோயிற் குருக்கள் வீட்டில், ஒன்று பரம்பரை வைத்தியர் பெட்டகத்தில், மற்றொன்று அயலூரில். முதலிரண்டும் ஒரு மூலத்தினின்று பெயர்ந்தவை என்பதையும், மூன்றாவது வேறு வழியினது என்பதையும், பிழைகளை ஒப்புநோக்கியே அவர் கண்டுகொண்டார். அம்முடிவைக் கேட்டபோது எனக்கு உண்மையிலே மகிழ்ச்சி உண்டாயிற்று. இருபது ஆண்டு ஏடு பார்த்தவர்க்கும் எளிதிற் புலப்படாத வேறுபாடு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணையிலிருந்து பாட்டுப் பாட்டாக வாசித்தோம். நூற்றிருபது பாடல் வரை பாடபேதம் குறித்தாயிற்று. அப்பொழுது அவர் நியமனம் முடிந்தது. நீடிப்புக் கடிதம் வரவில்லை. வீட்டிலே தாயாருக்கு மருந்துச் செலவு, தங்கையின் படிப்பு. ஆசிரியர் சேவைப் போட்டிப் பரீட்சை எழுதித் தேறி வன்னிப் பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சென்றார். ஆங்கு அவர் நல்லாசிரியராய் விளங்குகிறார், அதற்கு நான் வருந்தவில்லை. குறிப்பேடு மாத்திரம் நூற்றிருபதாம் பாடலோடு நிற்கின்றது. துறையிலே அவரிடத்துக்கு வந்தவர் வேறொரு பொருளை ஓராண்டுக்கெனத் தொடங்கியிருப்பார்.

“முன்னோர் பல்கலைக்கழகப் பதவியா வைத்திருந்தனர்? மனமுள்ளவன் எங்கிருந்தும் செய்வான்” என்று எம் பண்டிதர் வட்டத்திலேயே கூறுவோர் உளர். இக்கூற்று நேர்மையாகவே சொல்லப்படுவது. ஆதலின் நேர்மையாகவே ஆராயத்தக்கது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இற் கலித்தொகையையும், 1889இற் சூளாமணியையும் பதிப்பித்தார். பல்கலைக்கழகம் எதிலும் அவர் பேராசிரியரல்லர். உண்மை. ஆயினும் அவர் சென்னை அரசாங்கத்துக் கணக்குத் துறையிலே உயர்பதவி வகித்து இளைப்பாறியவர். பின் புதுக்கோட்டையில் நீதிபதியாயும் இருந்தவர். ஏடு தேட ஆளனுப்பிய காலத்திலே அடுத்த மாதத்து அடுப்பைப் பற்றி அவர் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஆறுமுக நாவலர் 1848இற் பார்சிவல் பாதிரியாரிடமிருந்த உத்தியோகத்தைத் தாமே உதறினார். அவர் இல்லறம் புகாதவர், சைவ சமூகம் அவரைத் தாங்கிற்று. விபுலாநந்த அடிகளோ துறவி. பல ஆண்டு ஆராய்ச்சியின் விளைவாகிய யாழ்நூல் 1947இல் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அடிகள் மறைந்தார். இடையிலே 1943 தொடக்கம் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தார். ஓய்வூதியமோ, சமூகத்தின் ஆதரவோ, துறவு மடமோ, இம்மூவருக்கும் காலூன்ற ஓர் இடம் இருந்தது. மூன்றும் இல்லாத, தாயையும் தங்கையையும் தாங்கும் இருபத்தாறு வயது இளைஞரிடம் நாவலரின் துறவை எதிர்பார்ப்பது நாவலருக்கும் பெருமையாகாது.

அடிகளுக்குப் பின் அப்பீடத்தேறிய பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் காலமே இதற்குத் தக்க சான்று. அவர் இலண்டனிற் சாசனத் தமிழை ஆய்ந்து வந்தவர். ஏறத்தாழப் பதினெட்டாண்டு அப்பதவியிலிருந்தார். அவருடனும் அவருக்குக் கீழும் பணியாற்றியவர், பயின்றவர் நிரலைப் பாருங்கள்: தமிழ் இலக்கிய வரலாறு எழுதிய வி. செல்வநாயகம், தமிழர் சால்பு எழுதியதோடு, 1960களில் மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் போய் அண்ணாவிமாருடன் இருந்து கூத்துகளை அச்சுக்கும் அரங்குக்கும் கொணர்ந்த சு. வித்தியானந்தன், சாசனத்தைத் தொடர்ந்து, ஈழத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை 1971, 1972ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட ஆ. வேலுப்பிள்ளை, கைலாசபதி, சிவத்தம்பி. கைலாசபதி தினகரன் ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பேராதனைக்குத் துணை விரிவுரையாளராய்ச் சென்றவர் என்பது இலக்கிய அன்பர் அறிந்ததே. பத்திரிகாசிரியப் பதவியை விட்டு ஓர் இளநிலைப் பதவிக்கு ஒருவர் செல்லத் துணிந்தாரெனின், அப்பதவி நின்று வேர்விடத்தக்க நிலமாக அன்று தோன்றியது என்பதுதானே பொருள்? இன்று அவரையொத்த ஒருவருக்கு அவ்வாறு செல்லும்படி நான் புத்தி சொல்வேனோ என்று கேட்டால், தயங்குவேன்.

வித்தியானந்தன் மன்னாருக்குச் சென்ற பயணங்களை இன்றைய கணக்கில் எப்படி எழுதுவது என்பதும் ஒரு கேள்வி. பதவியுயர்வுக்குப் புள்ளி முறை உண்டு. கட்டுரைக்கு இத்தனை, சர்வதேசச் சஞ்சிகைக்கு இத்தனை என வகுத்திருக்கின்றனர். அளவுகோல் ஒன்று வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அளவின்றி உயர்வளித்தால் சிபாரிசுக்காரர் உயர்வர். ஆனால் ஸ்கோப்பஸ் முதலிய அட்டவணைகளிலே இடம்பெற்ற சஞ்சிகைகளில் தமிழில் எழுதியதை ஏற்பவை மிக அரியன. விஞ்ஞானிக்குப் பொருந்திய கோலைக் கொண்டு ஏட்டுப் பதிப்பாசிரியனை அளந்தால், அவன் குட்டையனாகவே தெரிவான். ஆறு பக்கக் கட்டுரை நான்கு ஓராண்டிலே வந்துவிடும். ஆறாண்டு உழைத்த பதிப்பு ஒன்று, பாடபேதமும் அருஞ்சொல் அகராதியும் சேர்ந்து வரினும், ஒரு நூலாகவே எண்ணப்படும். பணம் பெற்றுக்கொண்டு எதையும் வெளியிடும் சஞ்சிகைகளும் இந்த அவசரத்தை நம்பியே பிழைக்கின்றன. இளைஞரை இதிலே நான் முழுதும் குறைகூற மாட்டேன். அடுத்த நேர்முகப் பரீட்சைக்கு முன் எதையாவது காட்ட வேண்டியவன் நெடிய வேலையைத் தொடுவானா?

நெடிய வேலையென்றால் எத்துணை நெடியது? சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் தொடங்கியது. ஆறாந் தொகுதி நிறைவெய்தியது 1936இல். ஆசிரியர் மாறினர், பணி நிற்கவில்லை. இறுதிப் பத்தாண்டு வையாபுரிப்பிள்ளை அதன் தலைமையில் இருந்தார். அதற்கும் முன், யாழ்ப்பாணத்திலே நைற் பாதிரியார் தொடங்கிய சொற்றொகுப்புப் பல கைகள் மாறி, 1862இல் வின்சுலோ அகராதியாய் வெளிவந்தது. நைற் அதனைக் காண உயிரோடிருக்கவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கும்படி ஒரு மிஷன் பின்னின்றது. ஈழத்துப் பேச்சுவழக்குச் சொற்களுக்கு அத்தகைய முழுமையான வரலாற்றுமுறை அகராதி இன்னும் வேண்டியிருக்கிறது. மட்டக்களப்பு, மன்னார், மலையகம், தீவுப்பகுதி என ஒவ்வொன்றும் தன் சொற்களை இழந்துவரும் காலம் இது. அவ்வேலையை ஓராண்டு நியமனம் பெற்ற எவரிடம் ஒப்படைப்பது?

நிரந்தர வரிசையிற் புகுந்தவரும் அச்சம் நீங்கியவரல்லர். தகுதிகாண் விரிவுரையாளர் குறித்த காலத்துள் மேற்பட்டம் பெறாவிடின் பதவி நிலைக்காது. வெளிநாடு செல்லும் கற்கை விடுமுறைக்குப் பிணைமுறி எழுதி, பிணையாளர் கையொப்பமும் தேட வேண்டும். திரும்பாதவருக்காகப் பிணையாளர் பணங் கட்டிய கதைகளும் உள. திரும்பாதவரைத் துரோகி என்று ஏசும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. பொது மக்கள் பணத்திற் படித்த கடன் உண்மையே. அக்கடனைத் தீர்க்க வருபவனுக்கு அமர ஓர் ஆசனம் வேண்டாவா? பிணையாளரைத் தவிக்கவிட்டுப் போவது வேறு. அதனை நான் நியாயப்படுத்தேன்.

பல்கலைக்கழக ஆசிரியரிடமும் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. நிரந்தரமானவுடன் தற்காலிகக் காலத்தை மறந்துவிடும் வழக்கம் அவர்களிடையே பெரிது. தம் விடைத்தாட் கட்டை இளையவர் மேசையில் வைத்துவிட்டுப் போகும் மூத்தோரைப் பற்றி நான் கேட்டவை சிறிதல்ல. ஏழாண்டுச் சேவைக்கு ஒருமுறை முழுச் சம்பளத்தோடு கிடைக்கும் ஓய்வாண்டு, ஆராய்ச்சிக்கென்றே ஏற்பட்டது. அதிலே விளைந்த நூல்கள் எவை என்று தமிழ்த்துறைகள் தாமாகவே ஒரு பட்டியலை வெளியிட்டால், சம்பளச் சண்டை என்று நகைக்கும் எம்மவர் வாயும் அடங்கும்.

அரசாங்கத்தின் பணப்பெட்டி ஒரு நாளில் நிறையப் போவதில்லை. ஆனால் பணம் வேண்டாத சில காரியங்கள் உண்டு. தற்காலிக நியமனத்தை மூன்றாண்டுக்காயினும் ஒருங்கே கொடுத்தால், ஒரே ஆளுக்கு ஒரே வேதனந்தான். இடைக்காலத்து நடுக்கம் மாத்திரம் நீங்கும். ஏட்டுப் பதிப்பு, சொற்றொகுப்பு, சாசனப் படியெடுப்பு ஆகியவற்றுக்குத் தனிப் புள்ளி வகுப்பது மூதவைகளும் ஆணைக்குழுவும் மனம் வைத்தால் முடிவது. யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, பேராதனை ஆகிய பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைத் தலைவர்கள் ஒன்றுகூடி அவ்வளவுகோலை எழுதிக் கொடுத்தாலன்றி வேறெவர் எழுதுவர்?

பணம் வேண்டிய காரியத்துக்கும் எம்மவரிடையே பணம் இல்லாமலில்லை. இராசகோபுரங்கள் எழுகின்றன, தேர்கள் புதிதாய் ஓடுகின்றன, புலம்பெயர்ந்த அன்பர் ஊர்க்கோயிலுக்கு அனுப்புவதை நான் குறைவாகப் பேசமாட்டேன், நானும் அத்தேர்வடம் பிடிப்பவனே. ஒரு கோபுரத்தின் வர்ணப்பூச்சுச் செலவு ஓர் ஆய்வாளரைச் சில ஆண்டு ஓரிடத்தில் இருத்தப் போதுமானதாகலாம். தலபுராணமும் அக்கோயிலின் சொத்துத்தானே. கோயிற் பரிபாலன சபை ஒன்று, தன் புராணத்தைப் பதிப்பிக்கும் பொருட்டு ஐந்தாண்டுக்கு ஒரு பதவியைப் பல்கலைக்கழகத்தோடு எழுத்து மூலம் ஒப்பந்தஞ் செய்து நிறுவ முன்வருமானால், ஏடுகளைக் காட்டவும், வேண்டின் ஞாயிற்றுக்கிழமைகளில் உடனிருந்து வாசிக்கவும் எம் போன்ற பண்டிதர் ஊர்தோறும் இருக்கிறோம். அத்தகைய சபைகளின் கடிதங்களை இப்பகுதி வரவேற்கும்.