வீடில்லாமைக்கும் ஓர் எண்!

அமெரிக்காவில் ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு குறியீடு உண்டு. ஆஸ்பத்திரி பில்லில் அதைப் பார்த்துத்தான் இன்ஷூரன்ஸ் பணம் பட்டுவாடா ஆகிறது. 2015 அக்டோபர் முதல் அங்கு அமலில் உள்ள பட்டியலில் இசட் 55 முதல் இசட் 65 வரை உள்ளவை வியாதிகளே அல்ல. வேலையின்மை இசட் 56. வீடில்லாமை இசட் 59. சாப்பாட்டுக்கு வழியில்லாமையும் அதிலேயே அடக்கம்.

இதை நாம் கேலி செய்யவில்லை. தெருவில் படுப்பவனின் புண் சீக்கிரம் ஆறாது என்பதை டாக்டர் கையாலேயே எழுத வைப்பது நல்லதுதான். (தொழிலாளிக்கு இதை அறியக் குறியீடு தேவைப்பட்டதில்லை!)

ஆனால் எழுதினார்களா? பெரும்பாலும் முதியோருக்கான அரசாங்க இன்ஷூரன்ஸ் மெடிகேர். 2019இல் அது நேரடியாகப் பணம் கட்டிய பயனாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட இக்குறியீடுகள் எழுதப்படவில்லை. எழுதினால் காசு வராத காரியத்திற்கு யார் மெனக்கெடுவார்கள்?

2023 அக்டோபரில் மெடிகேர் விதியை மாற்றியது. உள்நோயாளி வீடில்லாதவர் என்றால் சிகிச்சைச் செலவு கூடும் என ஒப்புக்கொண்டு, கூடுதல் தொகைக்கு வழி செய்தது. யாருக்கு? ஆஸ்பத்திரிக்கு! அங்கே செலவு கூடுவது மெய்தான், மறுக்கவில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகிறவன் கைக்கு அந்தக் குறியீடு ஒரு வீட்டுச் சாவியையும் தருவதில்லை. அதே நடைபாதைக்குத் திரும்புகிறான். மறுபடி வந்து படுத்தால் மறுபடியும் இசட் 59.

குறியீடு போட்ட அன்றே அந்தச் சீட்டு வீட்டுவசதி இலாகாவின் மேஜைக்கும் போகட்டும். அங்கே ஓர் அறை ஒதுக்கப்படட்டும் என்கிறோம்.