ஏலம் போகாத கார்களின் கணக்கு

சேகரிப்பாளர்கள் தேடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் சந்தைக்கு ஆகஸ்ட்தான் அறுவடைக் காலம். கலிபோர்னியாவின் மான்டரே தீபகற்பத்தில், 1950 முதல் நடந்துவரும் பெபிள் பீச் கார் கண்காட்சியை ஒட்டி, ஆர்எம் சோத்பீஸ், குடிங், பான்ஹம்ஸ் முதலிய ஏல நிறுவனங்கள் ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான கார்களை மேடையேற்றுகின்றன. அரிய கார் வைத்திருப்பவர் ஜூன், ஜூலையில் அதை விற்க முனைவதில்லை. வாங்குபவரும் அதுவரை பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். அந்த மாதங்களில் தெரியும் மந்தத்துக்குப் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பே காரணம். அதை வைத்து விலை சரிவதாக முடிவு கட்ட இயலாது.

ஆகஸ்ட் வாரம் முடிந்ததும் வெளியாகும் மொத்த விற்பனைத் தொகையையும் அப்படியே நம்புவதற்கில்லை. 2022-இல் மான்டரேயில் ஏறத்தாழ 47 கோடி டாலருக்கு கார்கள் விற்றன. மறு ஆண்டு அது 40 கோடி ஆனது. அந்த 40 கோடியில் 3 கோடிக்கு மேல் ஒரே ஒரு காருக்கு, பான்ஹம்ஸ் விற்ற ஃபெராரி 412பி-க்கு, கிடைத்தது. சந்தையின் நாடியைச் சரியாகக் காட்டுவது, மேடைக்கு வந்தவற்றில் எத்தனை விலைபோயின என்ற விகிதம். 2022-இல் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விற்றன. 2023-இல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே விற்றது. விற்பவர்கள் முந்தைய ஆண்டின் விலையை மனத்தில் வைத்து, இதற்குக் கீழே விற்பதில்லை என்ற குறைந்தபட்ச விலையை நிர்ணயித்தார்கள். அதற்குள் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 5.25 சதவீதத்தைத் தொட்டிருந்தது. பணத்தைக் காரில் முடக்கிவைப்பது அப்போது செலவு பிடிக்கும் காரியம்.

அறிவிக்கப்படும் விலையைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். 2018-இல் ஆர்எம் சோத்பீஸ் மான்டரேயில் விற்ற ஃபெராரி 250 ஜிடிஓ-வின் விலை 4.84 கோடி டாலர் என்று உலகமே எழுதியது. சுத்தியல் விழுந்தது 4.4 கோடியில், மீதி 44 லட்சம் வாங்குபவர் தரும் ஏலக் கட்டணம். வாங்கியபோது அறிவிக்கப்பட்ட விலைக்கே பின்னர் விற்பவரும் நட்டமடைகிறார் என்றால் காரணம் இதுதான். உண்மையான லாப நட்டத்தை அறிய, ஒரே சேசிஸ் எண் கொண்ட கார், அதாவது அதே கார், சில ஆண்டுகளில் மீண்டும் மேடைக்கு வரும்போது கிடைக்கும் தகவலுக்கு, வெவ்வேறு கார்களின் சராசரியைவிட மதிப்பு அதிகம். காப்பீடு, பராமரிப்பு, போக்குவரத்து ஆகியவற்றையும் கழித்தால் பல 'லாபங்கள்' காணாமல் போகும்.

உச்சியில் உள்ள கார்களை வாங்குவதிலும் தயக்கம் உண்டு. 2023 நவம்பரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்த ஒரு 250 ஜிடிஓ 6 கோடி டாலரைத் தாண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கட்டணம் சேர்த்தும் 5.17 கோடியில் நின்றது. ஐம்பது, அறுபதுகளின் கார்களைச் சிறுவயதில் கண்டு ஏங்கிய தலைமுறை மூப்படைகிறது. அடுத்த தலைமுறையின் கனவு வேறு. அந்தக் கனவுகளில் ஒன்றான, மொத்தம் 106 மட்டுமே தயாரான மெக்லாரன் எஃப்1 வகைக் கார் ஒன்று 2021-இல் பெபிள் பீச்சில் 2 கோடி டாலரைக் கடந்தது.

ஆகஸ்டுக்கு முன்பே சந்தையின் திசையை அறிய விரும்புவோருக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பிரிங் எ டிரெய்லர் போன்ற இணைய ஏலங்கள். அங்கு பருவம் பார்க்காமல் தினமும் விற்பனை நடக்கிறது. மற்றொன்று, ஆகஸ்ட் ஏலங்களுக்கு முன்கூட்டியே வரும் பட்டியல்கள். அவற்றில் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்காத கார்களை எண்ணிப் பார்க்கலாம். கூட்டம் சேர்ப்பதற்காகவும் நிறுவனங்கள் அப்படிச் சிலவற்றை வைப்பதுண்டு என்றாலும், சாதாரண கார்களுக்கும் 'குறைந்தபட்ச விலை இல்லை' என்ற குறிப்பு பரவலாக வந்தால், விற்பவர்கள் இறங்கிவரத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள்.