மலை மேல் ஒரு பவளத் தொட்டி: கணக்கு உதைக்குதே!

பவளம் என்றால் நம்மூரில் உடனே ஞாபகம் வருவது நகைக்கடையும் ஜோசியரும்தான். செவ்வாய் சரியில்லையா, பவள மோதிரம் போடு, முடிந்தது. அந்தச் செம்பவளம் மத்தியதரைக் கடலில், வெளிச்சம் எட்டாத குகைகளிலும் ஆழத்திலும் வளர்கிற உயிரி. அதற்கு வெயிலே தேவையில்லை. ஆக 'ஒளிச்சேர்க்கை செய்யாத பவளம்' என்பது ஏதோ புது சமாச்சாரம் என்று மிரள வேண்டாம். பாட்டி கழுத்து மாலையில் கோத்திருப்பதே அந்த ஜாதிதான். பழைய தமிழில் துகிர் என்று தனிப் பெயரே உண்டு.

பாறை கட்டுகிற பவளங்களின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கும். அது வெயிலில் சமைத்துப் போடும், பவளம் உட்கார்ந்து சாப்பிடும். வாடகைக்குப் பதில் சாப்பாடு! இந்தக் குடித்தனக்காரர் இல்லாத பவளங்களும் நிறைய உண்டு. ஆரஞ்சு நிறத்தில் பூப்பூவாக விரியும் சூரியப் பவளம் (பெயரில் மட்டும்தான் சூரியன், விரிவதென்னவோ பெரும்பாலும் ராத்திரியில்), கடல் விசிறிகளில் பல, பஞ்சுமிட்டாய் நிறத்தில் இருக்கும் டென்ட்ரோநெஃப்தியா என்ற மென்பவளம். இவற்றுக்கெல்லாம் தண்ணீரில் மிதந்து வருவதைப் பிடித்துத் தின்பதுதான் பிழைப்பு.

அழகு விஷயத்தில் மறுபேச்சில்லை. படத்தைப் பார்த்த எவருக்கும் வீட்டுத் தொட்டியில் ஒன்று வைத்தால் என்ன என்று தோன்றும். அடுத்த நொடி ஒரு மனக்கணக்கும் ஓடும். வெயில் வேண்டாம் என்றால் விலை உயர்ந்த விளக்கு வேண்டாம், அப்போ செலவு மிச்சம்தானே?

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஒருமுறைச் செலவு வேறு, ஓடும் செலவு வேறு என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள். விளக்கு ஒருமுறைச் செலவு. சாப்பாடு சாகும்வரை செலவு. இருபது வாய் உள்ள ஒரு சின்ன சூரியப் பவளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் சொட்டுக்குழாயால் பொடி இறால் ஊட்ட வேண்டும். வாரம் மூன்று முறை என்றால் 60 ஊட்டல், வருஷத்துக்கு 3,120. கைக்குழந்தைக்கு ஊட்டுவதாவது ஒரு வாயோடு முடியும்!

டென்ட்ரோநெஃப்தியா இன்னும் மோசம். அது இறாலைச் சீந்தாது. செங்கடலில் காத்தரினா ஃபேப்ரிசியஸ் குழுவினர் ஆராய்ந்து 1995-ல் வெளியிட்ட கட்டுரைப்படி, அதன் முக்கிய உணவு கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிரிகள். கடலில் நீரோட்டம் இடைவிடாமல் கொண்டு வந்து கொட்டும். நூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் யார் கொட்டுவது? அதனால் தொட்டிக்கு வந்த டென்ட்ரோநெஃப்தியா பெரும்பாலும் சில வாரமோ சில மாதமோ கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிச் செத்துப் போகிறது. இதை 'வளர்ப்பு' என்று சொல்வதே தப்பு. அழகான பட்டினிச் சாவு, அவ்வளவுதான்.

சரி, கொட்டிப் பார்ப்போம் என்றால், தின்னாமல் மிஞ்சியது அழுகும். தண்ணீரில் அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் ஏறும். தண்ணீர் மாற்ற வேண்டும். நூறு லிட்டர் தொட்டியில் வாரம் 20 லிட்டர், லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று வைத்தால் வாரம் 700 கிராம், வருஷத்துக்கு 36 கிலோவுக்கு மேல். சமையல் உப்பு இல்லை சாமி, இதற்கென்று கலந்து விற்கும் கடல் உப்பு.

இதை அப்படியே கிளென்மார்கனுக்குக் கொண்டு போங்கள். ஊட்டியைத் தாண்டி, தேயிலையும் மின்வாரிய நீர்த்தேக்கமுமாக, கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கும் ஊர். அங்கே ஒருவர் இந்த ஆசையில் விழுந்தால் என்ன ஆகும்?

முதலில் குளிர். பவளத்துக்கு 25 டிகிரி சுற்றி வேண்டும். மார்கழி ராத்திரியில் அந்தப் பக்கம் புல்வெளியெல்லாம் உறைபனி. 200 வாட் ஹீட்டர் ஒன்று தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். 2016-ல் வந்த 100 யூனிட் இலவசத்தை இந்த ஹீட்டர் ஒன்றே முழுங்கிவிட்டு ஏப்பம் விடும்.

அடுத்தது காற்று. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறையும். தீனி அழுகும்போது பாக்டீரியாவும் ஆக்சிஜனைத்தான் தின்னும். ஏற்கெனவே குறைவு, அதிலும் பங்குக்கு ஆள்! தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மோட்டாரும் நின்றுபோகும். அப்புறம் கெடு சில மணி நேரம்தான். கிளென்மார்கனிலிருந்து குழாயில் இறங்குகிற தண்ணீர்தான் கீழே சிங்காராவில் 1932-லிருந்து மின்சாரமாகிறது என்பது வேறு கதை. மரம் விழும்போது அதெல்லாம் உதவாது.

இதையெல்லாம் சமாளிக்கிற காசும் பொறுமையும் உள்ள ஆள் இருக்கலாம். அவருக்குச் சட்டம் இருக்கிறது. 2001 ஜூலையில் மத்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள், கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி எல்லாவற்றையும் சேர்த்தது. புலி இருக்கிற அதே அட்டவணை. சூரியப் பவளம் பாறை கட்டாத ஜாதிதான், ஆனாலும் கல்பவள வரிசை முழுக்க உள்ளே வந்துவிட்டதால் அதுவும் மாட்டிக்கொண்டது. முதல் அட்டவணைக் குற்றத்துக்கு மூன்றிலிருந்து ஏழு வருஷம் சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

ஒரு ஆரஞ்சுப் பூவுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்பவர்கள் தூத்துக்குடிப் பக்கம் விசாரித்துப் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி வள்ளம் வள்ளமாகச் சுண்ணாம்புக்கு அள்ளினார்கள். கடல் விசிறிகள் காய்ந்து மூட்டையாக வெளிநாடு போயின. 1986-லேயே 21 தீவுகளையும் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தும் வெட்டு நிற்கவில்லை; சுனாமிக்குப் பிறகு 2005 வாக்கில்தான் ஓய்ந்தது. அதற்குள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயிருந்தன. தடை இவ்வளவு கறாராக இருப்பதில் ஆச்சரியமில்லை. 2010-லும் 2016-லும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தது இதற்கு மேல் விழுந்த அடி.

ஒரு எதிர்வாதம் மட்டும் யோசிக்க வைக்கிறது. கடலில் பிய்க்காமல், தொட்டியில் வளர்ந்ததையே துண்டாக்கி விற்றால் என்ன? இந்தோனேசியாவில் வளர்ப்புப் பவளம் ஏற்றுமதியே ஆகிறது. சூரியப் பவளம் தொட்டியிலேயே குஞ்சு விடும் ரகம். சொல்லப்போனால் ரொம்பவே விடும். பசிபிக்கிலிருந்து எண்ணெய்த் தளங்களோடு 1980-களில் பிரேசில் கரைக்கு வந்து சேர்ந்தது, இன்று அங்கே விரட்ட முடியாத விருந்தாளி. நியாயமான வாதம்தான். ஆனால் கையில் இருக்கும் துண்டு பண்ணையில் வளர்ந்ததா, தீவிலிருந்து பிய்த்ததா என்று சோதனைச்சாவடியில் நிற்கும் வனக்காவலர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பில் இல்லாத சரக்கில் எது கணக்கில் வந்தது, எது வராதது என்று ஆடிட்டருக்கே தெரியாதபோது அவரைக் குறை சொல்ல முடியாது. கதவைத் திறப்பதென்றால் முதலில் மண்டபம், தூத்துக்குடி ஆராய்ச்சி நிலையங்களுக்குத் திறக்கட்டும். தூத்துக்குடியில் 2000-களின் தொடக்கத்திலிருந்தே சிமென்ட் சட்டங்களில் பவளத் துண்டு நட்டுக் கடலில் வளர்க்கிறார்கள். வளர்த்ததற்குப் பதிவேடு, ஒவ்வொரு துண்டுக்கும் எண் என்று ஒரு ஏற்பாடு வரட்டும். வீட்டுத் தொட்டியைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அதுவரை கிளென்மார்கன்காரர் மண்டபத்துக்கு ஒரு டிக்கெட் போடலாம். குருசடைத் தீவுப் பக்கம் வனத்துறை படகில் கூட்டிப் போகிறது. சூரியப் பவளம் பகலில் வாயை மூடிக்கொண்டு நிழலில் கிடக்கும், கண்ணில் படுவது கஷ்டம்தான். வீட்டில் தொட்டி இருந்தே ஆக வேண்டுமா? கோல்டுஃபிஷ் வாங்குங்கள். அது குளிர்நீர் மீன், ஹீட்டர் வேண்டாம், உப்பும் வேண்டாம் :-)